எல்கடுவ கெத்தரினின் பலூன்

கெத்தரினை எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியும். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தெரியாது. பலூன் ஓட்டுகிற தோட்டத்துப் பெண் என்று சிலர் சொல்வார்கள். தம்பியைக் கீழே போட்டவள் என்று சிலர் சொல்வார்கள். இரண்டையும் அவள் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறார்கள். மாத்தளையில் அவளும் தம்பியும் பூசைக்கு வருகிற கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் நானும் போகிறேன். அக்காவையும் தெரியும், தம்பியையும் தெரியும். அவர்கள் வாயால் கேட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் பிறந்தது எல்கடுவ மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு காம்பராவில். அப்பா இஞ்ஞாசிக்குப் பெக்டரியில் கொழுந்து வாட்டும் தட்டில் வேலை. தம்பி ஷியாம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஷியாமுக்குத் தலை வாரியதும், சப்பாத்துக் கட்டியதும், அடித்ததும், அடித்துவிட்டு அழுததும் கெத்தரின்தான். மாத்தளையில் உயர்தரம் வரை படித்தாள். ஆங்கிலம் ஓரளவு வரும், சிங்களம் நன்றாக வரும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கண்டலமப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு வேலைக்குப் போனாள். அங்கிருந்து, உல்லாசப் பயணிகளைப் பலூனில் ஏற்றிக் காட்டுகிற ஒரு சின்னக் கம்பனிக்குப் போனாள். டெலிபோனில் முன்பதிவு எடுப்பதும், காலையில் வருகிறவர்களைத் தராசில் ஏற்றி நிறுப்பதும் அவளுடைய வேலை. கூடையின் எந்த மூலையில் யார் நிற்பது என்பதை அந்த நிறையை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். வெள்ளைக்காரப் பெண்களிடம் நிறையைக் கேட்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

முதல் வருடம் முழுவதும் அவள் தரையில்தான் நின்றாள். அடுத்த பறப்புப் பருவத்தில் ஒரு நாள் ஒரு பயணி வராமல் போகவே, நிறையைச் சரிக்கட்ட அவளைக் கூடையில் ஏறச் சொன்னார்கள். மேலே போனால் காற்று அடிக்கும் என்று எண்ணிச் சால்வையை இறுக்கிப் போர்த்துக்கொண்டாளாம். ஆனால் மேலே காற்றே இல்லை. பலூன் காற்றோடு சேர்ந்து போவதால் காற்று உடம்பில் படுவதில்லை. பலூனைச் சூடாக்கும் கேஸ் பேர்னரை நிறுத்திய நேரத்தில் கீழேயிருந்து நாய் குரைப்பதும், யாரோ ஒருத்தி பிள்ளையைத் திட்டுவதும், உரலில் இடிக்கிற சத்தமும் பக்கத்து வீட்டில் கேட்பதுபோலக் கேட்டன. கண்டலமக் குளத்துக்கு மேலே போகும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் கேட்டால் இன்றுவரை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கம்பனியின் பைலட் பஸ்கால் என்ற பிரான்ஸ்காரர். அவருடைய நாட்டில்தான் முதன்முதலில் பலூன் விட்டார்கள் என்பதும், மனிதரை ஏற்றும் முன்பு ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் ஏற்றி அனுப்பினார்கள் என்பதும், அடுத்த வருடமே ஒரு பெண்ணும் மேலே போய் வந்தாள் என்பதும் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பஸ்காலுக்கு வருடா வருடம் விசாவும் அனுமதியும் எடுப்பது கம்பனிக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. உள்ளூர் பைலட் ஒருவர் தேவைப்பட்டார். கொழும்பிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு பருவம்கூட நிற்காமல் போய்விட்டார்கள். அப்போது கெத்தரின் போய், தன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டாள். முதலாளி சிரித்தார். பஸ்கால் சிரிக்கவில்லை. படிப்பு முடிந்து வந்தால் ஐந்து வருடம் வேறு கம்பனிக்குப் போகக்கூடாது என்ற உடன்பாட்டோடு, ஒரு கோடைகாலத்தில் அவளைப் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு பண்ணை வீட்டில்தான் பலூன் பள்ளிக்கூடம். பாடம் ஆங்கிலத்திலும் சிரிப்பு பிரெஞ்சிலும் நடந்தது. வானிலைப் பரீட்சையில் முதல் முறை தவறினாள். அப்பாவுக்குச் சொல்ல வெட்கப்பட்டு, சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் போனில் சொன்னாள். இரண்டாம் முறை தேறினாள். தனியாகப் பறந்த முதல் நாள், கோதுமை அறுத்த வயலில் இறங்கினாள். வயல்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர் என்ன கத்தினார் என்று விளங்காததால் பயப்படவுமில்லை.

உரிமத்தோடு திரும்பி வந்தபோது தோட்டத்தில் பட்டாசு கொளுத்தினார்கள். கோயிலில் சாமியார் அவளை முன்னுக்குக் கூப்பிட்டு ஆசீர்வதித்தார். இஞ்ஞாசி ஒரே ஒரு தடவை கண்டலமவுக்கு வந்து மகள் பறப்பதைப் பார்த்தார். ஏறச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். கேஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நின்று, இது வெடிக்காதா என்று மட்டும் கேட்டார்.

நல்ல காலம் ஒரு பருவம்கூட முழுதாக நிற்கவில்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பதின் உயிர்த்த ஞாயிறன்று காலையில் அவள் பயணிகளை இறக்கிவிட்டு, பூசைக்குப் போக நேரமிருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கோயில்களில் குண்டு வெடித்த செய்தி போனில் வந்தது. அந்த வாரமே உல்லாசப் பயணிகள் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பி வரத் தொடங்கும் நேரத்தில் கொரோனா வந்தது. பலூன் கொட்டிலில் கிடந்தது, எலி துணியில் ஓட்டை போட்டது. பஸ்கால் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. பிறகு கேஸுக்கும் எண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்ற வருடம் வந்தது. கம்பனிக் கொட்டிலில் நிறைந்த சிலிண்டர்கள் இருப்பது அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். அவளை வழியில் கண்டால், குழந்தைக்குப் பால் காய்ச்சக் கொஞ்சம் தர மாட்டீர்களா என்று வந்து கேட்பார்கள். பூட்டின் சாவி முதலாளியிடம் கொழும்பில் இருந்தது. அந்த மாதங்களில் அவள் அந்தத் தெருவால் நடப்பதையே விட்டுவிட்டாள்.

அந்த வருடங்களில் அவளுக்குச் சோறு போட்டது ஷியாம். அவன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் நாட்டாமி. லொறியிலிருந்து மரக்கறி மூட்டை இறக்குவான், ஏற்றுவான். அகலமான தோள், எப்போதும் மண் ஒட்டிய கை. ஸ்டெல்லா என்ற பெண்ணைக் கட்டி, பலாபத்வலயில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தான். கெத்தரின் அங்கேதான் தங்கினாள். பகலில் தம்புள்ளைக்குப் போய்த் தக்காளி தரம் பிரித்தாள். பைலட் அக்கா என்று மற்ற நாட்டாமிகள் கிண்டல் செய்தால் ஷியாம் சண்டைக்குப் போவான். ஸ்டெல்லா அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் ஒரே பாயில் படுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றின் கடைசியில் உல்லாசப் பயணிகள் மறுபடியும் வந்து குவிந்தார்கள். கம்பனி பலூனுக்குப் புதுத் துணி போட்டது. பழைய ஆட்களில் பலர் டுபாய்க்கும் கத்தாருக்கும் போய்விட்டதால் தரையில் வேலை செய்யப் புதிதாக ஆள் தேவைப்பட்டது. தம்பியைச் சேர்த்துவிட்டவள் கெத்தரின். அவனைவிட ஸ்டெல்லாவுக்குத்தான் சந்தோஷம். மூட்டை தூக்கித் தூக்கி அவன் முதுகு வீணாகப் போகிறது, இனி அது நடக்காது என்று அயலில் எல்லோரிடமும் சொன்னாள்.

பலூன் வேலையில் தரையில் நிற்கிறவர்களுக்கு ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலானது. இறங்கும்போது கூடையிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்திருக்கும்போது கால் தரையை விட்டுக் கிளம்பினால் அந்தக் கணமே கையை விட்டுவிட வேண்டும். எவ்வளவு பலசாலியானாலும் பலூனை இழுத்து நிறுத்த மனிதனால் முடியாது. இதை வாயால் சொன்னால் போதாது, கயிற்றைக் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். பஸ்கால் இருந்த காலத்தில் பருவம் தொடங்க முன்பு அதற்கென்று ஒரு நாள் ஒதுக்குவார். அந்த வருடம் ஒதுக்கவில்லை. முன்பதிவு நிறைந்து கிடந்தது. அடுத்த வாரம் செய்வோம் என்று மனேஜர் சொன்னார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. கெத்தரின் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள், மூன்றாவது தடவை கேட்கவில்லை.

அது ஜனவரி மாதம். விடிந்து வரும்போது நல்ல அமைதியான வானம். காற்றின் போக்கைப் பார்க்க விடுகிற சின்னப் பலூன் நேராகவே மேலே போனது. ஜெர்மன்காரர் சிலரும், கொழும்பிலிருந்து வந்த ஒரு புதுத் தம்பதியும் ஏறினார்கள். பறப்பு அழகாக அமைந்தது. இறங்க வேண்டிய நேரத்தில்தான் தரைக்குப் பக்கத்தில் காற்று எழும்பியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. குளத்துக்கட்டுக்குக் கீழே அறுவடை முடிந்த வயல் ஒன்று இருந்தது, போதுமான அகலம். அதன் அந்தலையில் குறுக்கே ஒரு மின்கம்பி. கம்பிக்கு முன்னால் இறங்கிவிடலாம் என்று கணித்துக் கயிற்றை வீசினாள். பின்னாலேயே பிக்கப்பில் வந்த தரை ஆட்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஜிப்ரி, மாத்தளை டவுனைச் சேர்ந்தவர், பல வருட அனுபவம் உள்ளவர். அவருக்குப் பின்னால் ஷியாம். அவனுக்குப் பின்னால் ஒரு சிங்களப் பையன்.

கூடை தரையைத் தொட்ட நேரத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கூடை சாய்ந்து வயல் வரம்பில் அடித்து, மறுபடியும் கிளம்பி, மின்கம்பியைப் பார்த்து ஓடத் தொடங்கியது. யோசிக்க நேரமில்லை. சூட்டுக் காற்றை வெளியேற்றும் உச்சித் துவாரத்தைத் திறந்து தரையில் இழுபட்டால் கம்பிக்குள் போய் மாட்டும். நெருப்பைப் போட்டால் தாண்டலாம். கயிற்றை விடுங்க என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே பேர்னரை முழுதாகத் திறந்தாள். ஜிப்ரி விட்டுவிட்டுப் பின்பக்கமாக விழுந்தார். பையனும் விட்டான். கயிறு மட்டும் இன்னும் கனமாக இருந்தது. எட்டிப் பார்த்தாள்.

“ஷியாம், விட்டுரு! விட்டுருடா!”

அவன் முகம் அவளைப் பார்த்தபடி இருந்தது. பயந்த முகமாக அது தெரியவில்லை என்றுதான் அவள் சொல்கிறாள். எதையோ கணக்குப் பார்க்கிறவனின் முகம். நெருப்பை நிறுத்தினால் எல்லோரும் கம்பியில். நிறுத்தாவிட்டால் அவன் இன்னும் உயரத்தில். அவள் பேர்னரிலிருந்து கையை எடுக்கவில்லை. கம்பிக்குக் கொஞ்சம் முன்னால் கயிறு இலேசானது. ஒரு வீட்டுக் கூரைக்கு மேலான உயரத்திலிருந்து அவன் வரம்பின் மேல் விழுந்தான். பலூன் கம்பிக்கு மேலால் போனது.

அதற்குப் பிறகும் அவள் பறக்க வேண்டியிருந்தது. அதுதான் பலருக்கு விளங்காத விஷயம். பலூனுக்கு வந்த வழியே திரும்புகிற வழி கிடையாது. காற்று போகிற பக்கம்தான் போகலாம். ரேடியோவில் ஜிப்ரியின் குரல் வந்தது.

“தங்கச்சி, மூச்சிருக்கு. நாங்க பாத்துக்கிறோம். நீங்க மத்தவங்கள எறக்குங்க.”

கூடையின் மறுபக்கம் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஒருவர் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைப் பார்த்துவிட்ட புதுமணப் பெண் மட்டும் கெத்தரினின் சட்டைப் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டாள். காடு வெட்டிப் பயிரிட்ட ஒரு சேனைக்குப் பக்கத்தில் திறந்த வெளி கிடைத்தது. படித்தபடியே எல்லாவற்றையும் செய்தாள். முழங்காலை மடிக்கச் சொன்னாள், பிடியைப் பிடிக்கச் சொன்னாள், இறக்கினாள், சிலிண்டர்களை ஒவ்வொன்றாக மூடினாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சேதி தெரியாத இரண்டு பேர் கைதட்டினார்கள். வேறு வாகனம் வரும்வரை அவள் கூடைக்குப் பக்கத்திலேயே நின்றாள். பயணிகளை விட்டுவிட்டுப் பைலட் போகக்கூடாது.

தம்புள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து ஷியாமைக் கண்டிக்கு மாற்றினார்கள். முதுகெலும்பு உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது, கால்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வார்டுக்கு வெளியே ஸ்டெல்லா கெத்தரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த நெருப்ப யாரு போட்டது, மதினி?”

“நான்தான்.”

ஸ்டெல்லா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு நெடுங்காலம் அவளோடு பேசவில்லை.

இஞ்ஞாசி வேறு மாதிரி. அவர் தினமும் பேசினார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். தோட்டத்து லயத்துக்குப் படியேறித்தான் போக வேண்டும், சக்கர நாற்காலி போகாது. ஆகவே அவர் லயத்தை விட்டுவிட்டுப் பலாபத்வலவுக்கு மகனோடு இருக்க வந்தார். மகனைத் தூக்குவதும் துடைப்பதும் அவரும் ஸ்டெல்லாவும்தான். தம்புள்ளையில் தங்கிவிட்ட கெத்தரின் வந்தால் செய்ய விடுவார்கள், ஆனால் கூப்பிட மாட்டார்கள். ஒருநாள் கிணற்றடியில் அவர் அவளிடம் சொன்னார்:

“நீ மேல போனதுக்கு எனக்குக் கோவமில்ல புள்ள. அவனக் கூட்டிட்டுப் போனதுதான்.”

விபத்தைப் பற்றி விமானத்துறை அதிகாரிகள் நடத்தும் விசாரணை நெருங்கியபோது கம்பனி அவளைக் கூப்பிட்டது. முதலாளியும் ஒரு சட்டத்தரணியும் இருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நீங்கள் செய்தது சரி, எட்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை என்றார்கள். ஆனால் கயிற்றை விட வேண்டும் என்பது எல்லா ஊழியர்களுக்கும் தெரிந்த விதி என்றும், உங்கள் தம்பி அதைக் கேட்கவில்லை என்றும், இதை மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் அவளுடைய உரிமத்துக்கு ஒன்றும் ஆகாது. கம்பனிக்கும் ஒன்றும் ஆகாது. ஷியாமின் பிழை என்று ஆகிவிடும், அவ்வளவுதான். அவனுடைய வைத்தியச் செலவைக் காப்புறுதி ஏற்காது என்பதை அவர்கள் சொல்லவில்லை. அவளாகத்தான் விளங்கிக்கொண்டாள்.

அவள் ஒரு வாரம் யோசித்தாள். ஞாயிறு பூசையில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடியும் முன்பே எழுந்து போனாள். பறப்பதை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. கல்யாணம் செய்யவில்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உரிமம் போனால் மறுபடியும் தக்காளி தரம் பிரிக்க வேண்டியதுதான். அவள் பயந்தாள், அதை மறைக்கவுமில்லை. பொய்யாகச் சொல்லச் சொல்லவில்லையே, பாதியைச் சொல்லத்தானே சொல்கிறார்கள் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்ததாகப் பிறகு சொன்னாள்.

விசாரணையில் அதிகாரிகள் கேட்டபோது முழுவதையும் சொன்னாள். அந்தப் பருவத்தில் கயிற்றுப் பயிற்சி ஒரு நாளும் நடக்கவில்லை என்றாள். நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டே தான் பறந்ததாகவும் சொன்னாள். பழக்காத ஆளின் கையில் கயிற்றை வீசியது தான்தான், அவனுக்கு அந்த விதி காதில் விழுந்த ஒரு சொல் மட்டுமே, கையில் படிந்த பழக்கமாக இருக்கவில்லை என்றாள். அவன் உங்களுடைய தம்பி என்பதால் சொல்கிறீர்களா என்று ஓர் அதிகாரி கேட்டார்.

“தம்பிங்கிறதாலதான் பழக்காம விட்டேன், சேர். அவனுக்கு நான் இருக்கேன்தானேன்னு நெனச்சிட்டேன்.”

கம்பனியின் அனுமதி இரத்தானது. அவளுடைய உரிமத்தை ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். காப்புறுதி ஷியாமின் வைத்தியத்தை ஏற்றுக்கொண்டது. கம்பனி மூடப்பட்டது. பலூனை வெளிநாட்டுக்கு விற்றார்கள். தரையில் வேலை செய்த எல்லோரும் வேலையிழந்தார்கள். அவர்களில் ஜிப்ரியும் ஒருவர், மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். ஒருநாள் மாத்தளைச் சந்தையில் அவளைக் கண்டு வழியை மறித்தார்.

“உண்மையச் சொன்னீங்க. அது சரி. எங்க வீட்டு அடுப்பையும் ஒருக்கா நெனச்சிருக்கலாம் தங்கச்சி.”

அவள் பலாபத்வல வீட்டுக்கு வந்து அதை ஷியாமிடம் சொன்னாள். ஷியாம், “ஜிப்ரி நானா சொல்றதும் சரிதான்” என்றான். அதில்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அந்த ஒரு வருடமும் அவள் தம்புள்ளையில் வேலை செய்தாள். பகலில் மரக்கறி, மாலையில் பலாபத்வல. ஷியாம் முதல் சில மாதம் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். சாப்பிடச் சொன்னால் ஸ்டெல்லாவோடு எரிந்து விழுவான். பிறகு பழைய நாட்டாமிகள் ஒவ்வொருவராக வந்து போகத் தொடங்கினார்கள். வெற்று லொறி ஒன்று கண்டிக்குப் போகிறது, ஏற்ற ஆள் இருக்கிறதா என்று அவனிடம் கேட்பார்கள். அவனுக்கு எல்லாக் கடைக்காரரையும் சாரதிமாரையும் தெரியும். போனில் பேசி லொறிக்கு லோட் பிடித்துக் கொடுக்கத் தொடங்கினான். இப்போது காலை முதல் அவன் காதை விட்டுப் போன் இறங்குவதில்லை. கண்டி வீதிக்கு முகம் பார்த்த அந்த அறையிலிருந்து, போகிற லொறி யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்வான். கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. இரவில் வருகிற வலியும் அப்படியேதான்.

ஒரு மத்தியானம், ஸ்டெல்லா கடைக்குப் போயிருந்த நேரம், கெத்தரின் அவனுடைய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் சொன்ன பயிற்சி அது. காலில் உணர்வில்லாததால் அவனுக்கு அந்தத் தேய்ப்புத் தெரியாது, பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நெடுநாள் கேட்க நினைத்ததை அப்போது கேட்டுவிட்டாள்.

“நான் விடச் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சிக்கா. எனக்குக் கேட்டுச்சி. கைக்குக் கேக்கல.” பிறகு அவனே சொன்னான். “மொதல்ல கொஞ்சந்தான் தூக்குச்சி. எறங்கிரும்னு நெனச்சேன். பொறவு பாத்தா, விட பயம்.”

கயிற்றை விடாமல் அதோடு மேலே போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று பிரான்ஸில் பாடத்தில் படித்திருக்கிறாள். இதே சொற்கள்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. எண்ணெயைத் தேய்த்து முடித்தாள்.

உரிமம் திரும்பக் கிடைத்தபோது சீகிரியாப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்ன நிறுவனம் அவளைத் தேடி வந்தது. வீட்டில் எவரிடமும் சொல்லாமல் பல நாள் வைத்திருந்தாள். சேதி ஜிப்ரி மூலம் ஷியாமுக்குப் போய்விட்டது. ஜிப்ரியையும் அவர்கள் வேலைக்குக் கேட்டிருந்தார்கள். அன்று அப்பாவும் ஸ்டெல்லாவும் இருக்கும்போதே ஷியாம் பேச்சை எடுத்தான்.

“எனக்காகப் போறேன்னு சொல்லாத. எனக்காகப் போகாம இருக்கேன்னும் சொல்லாத. ஒனக்குப் போகணுமா இல்லையா?”

“போகணும்.”

இஞ்ஞாசி எழுந்து வெளியே போனார். ஸ்டெல்லா அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

கடந்த டிசம்பரில் மறுபடியும் பறக்கத் தொடங்கினாள். வேலைக்குச் சேரும்போதே ஒன்றைச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு காலையும், பயணிகள் வர முன்பு, தரை ஆட்கள் எல்லோரும் கயிற்றைப் பிடித்து விட்டுப் பழக வேண்டும். நேற்றுச் செய்தவர்கள் இன்றும் செய்ய வேண்டும். இளம் பொடியன்களுக்கு அது எரிச்சல். ஜிப்ரி மட்டும் முதல் ஆளாக வந்து கயிற்றைப் பிடிப்பார். பழையதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. கயிற்றை வீச வேண்டிய இடங்களில்கூட அவள் பல தடவை வீசாமல், கூடை இழுபட இறக்கியிருக்கிறாள். பயணிகள் முறைப்பாடு சொல்லியிருக்கிறார்கள். முன்பு அழுகை வந்த இடத்தில், குளத்துக்கு மேலே, இப்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

இஞ்ஞாசி இன்னும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் பறப்புத் தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்து, காலை வெயில் ஏறுகிற நேரத்தில் ஸ்டெல்லா அவளுக்குப் போன் எடுக்கிறாள். இறங்கியாயிற்றா என்று மட்டும் கேட்பாள். இறங்கிட்டேன் என்றதும் வைத்துவிடுவாள். வேறு ஒரு சொல் கிடையாது. கெத்தரின் நெடுநாள் பேசாதவளின் குரலைக் கேட்டு முதல் நாள் பிக்கப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதாளாம்.

போன மாதம் ஒரு காலை, விடியும் முன்பே காற்று கிளம்பிவிட்டது. சின்னப் பலூன் சாய்ந்து சாய்ந்து போவதைப் பார்த்துவிட்டு, இன்று பறப்பில்லை என்று சொல்லிவிட்டாள். பயணிகள் முணுமுணுத்தார்கள், நிறுவனத்தாரும் முகத்தைச் சுளித்தார்கள். வழக்கமான நேரத்தில் போன் அடித்தது.

“இன்னைக்குப் போகல ஸ்டெல்லா. காத்து சரியில்ல.”

அந்தப் பக்கம் ஷியாம் யாரோ சாரதியோடு இரைந்து பேசுவது தூரத்தில் கேட்டது.

“அப்ப வீட்டுக்கு வாங்க மதினி,” என்றாள் ஸ்டெல்லா. “மரவள்ளி அவிக்கிறேன்.”

கெத்தரின் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.